நடக்க முடிந்தவர்

என் சம்பந்தியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு முகம் வாடாமல் படியிறங்கிய பெண்கள் ஆலங்குடியில் குறைவு. கடைவீதியில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் அவருடைய தையல் கடை இருந்தது. தையல் அவ்வளவு சுத்தம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாய்தான் பிரச்சினை. பழைய ரவிக்கை ஒன்றை நீட்டி, "இதே அளவுல தைச்சிருங்கக்கா" என்று யாராவது சொன்னால், ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "போன வருச அளவுக்குத் தைச்சிரலாம். போன வருச ஒடம்புக்கு எங்கிட்டுப் போவீங்க?"

கேலியாகச் சொல்ல மாட்டார். ஊசியில் நூல் கோக்கிற முகத்தோடு சொல்வார். கேட்பவருக்கு அதுதான் இன்னும் உறைக்கும்.

எனக்கும் நடந்தது. என் மகன் கல்யாணத்துக்கு என் அண்ணன் எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலையின் ரவிக்கைத் துண்டை அவரிடம் தைக்கக் கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது பட்டு இல்லீங்க சம்மந்தி. கலப்படம். ஒங்க அண்ணன யாரோ ஏமாத்திப்புட்டாங்க." என் அண்ணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணனைக் கடைக்காரர் ஏமாற்றினாரா, என்னை அண்ணன் ஏமாற்றினாரா என்று அங்கேயே ஒரு கேள்வி முளைத்துவிட்டது. அது எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஓடியது.

போன தை மாதம் அவர் இறந்தபோது, துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவரும் அவர் தங்களை எப்போது என்ன சொன்னார் என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரோடு நான் இருந்த நாட்களில் பெரும்பாலும் வெட்கத்தோடுதான் இருந்திருக்கிறேன். அதுவும் ஒரு நாள் முழுக்க, காலையிலிருந்து மாலைவரை, அவரோடு ஆகாயத்தில் போனேன். அந்த ஒரு நாளைச் சொன்னால் போதும், அவரைச் சொன்ன மாதிரி.

அதற்கு முன்னால் அவர் மகளை நாங்கள் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

நான் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். ஒரே மகன். ஒரு கல்யாணத்தில் இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று சொல்லியிருந்தான். ஆலங்குடிக்குப் போனோம். பெண்ணின் தாய்மாமன்தான் பேசினார். "மச்சான் நெஞ்சுவலியில போயிட்டாருங்க. தங்கச்சி ஒத்தையில நின்னு புள்ளைய இன்ஜினியரிங் படிக்க வச்சிருச்சு" என்றார். காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றார்.

"நெஞ்சுவலி இல்லீங்க. குடிச்சு ஈரல் கெட்டுப்போயிச் செத்தாரு."

தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு மேலே சொன்னார்: "இதுக்கு முன்னாடி ஒரு எடம் நிச்சயம் வரைக்கும் வந்துச்சு. அங்கயும் இதச் சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒங்ககிட்டயும் சொல்லிட்டேன். காபி ஆறிப்போகும், எடுத்துக்கங்க."

பெண் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். குனிந்த தலை. வெட்கப்படுகிறாள் என்று எங்கள் வீட்டுக்காரர் நினைத்தாராம். எனக்குத் தெரிந்தது, அது வேறு வெட்கம் என்று. அவள் காதுமடல் சிவந்திருந்தது. தரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கால் இன்னும் ஒரு அடி முன்னால் வந்துவிடக் கூடாதே என்பதுபோல.

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு வேலைக்குப் போனார்கள். என்னிடம் மணிக்கணக்காகப் பேசும் மருமகள், அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், ஒடம்பு நல்லாருக்கா, இருக்கு. அவ்வளவுதான். சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சு கிடையாது, அதுதான்.

அவள் மாசமானதும் பிரசவத்துக்கு அம்மாக்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்று டிக்கெட் போட்டு அனுப்பினார்கள். திருச்சியிலிருந்து துபாய், அங்கே மாறி லண்டன். எங்கள் வீட்டுக்காரருக்கு விமானம் என்றாலே பயம். நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மருமகள் எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, ரெண்டு பேருக்கும் வீல்சேர் போட்டிருக்கோம். துபாய்ல ரொம்பத் தூரம் நடக்கணும், எந்தக் கேட்டுன்னு தெரியாம அலையக் கூடாது. வீல்சேர்னா அவங்களே கூட்டிட்டுப் போயி ஏத்தி விட்டுருவாங்க. இங்க எல்லாரும் அப்பா அம்மாவுக்கு இப்பிடித்தான் போடுறாங்க."

"சரிம்மா."

"அம்மாகிட்ட நீங்கதான் பேசணும். வழியில எதையாவது சொல்லி மானத்த வாங்கிறாம பாத்துக்கங்க அத்தை."

கார் திருச்சிக்குப் போகும் வழியில் விஷயத்தைச் சொன்னேன். சம்பந்தி எதுவும் பேசவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள் வந்து நின்றன. கவுன்டரில் இருந்த பெண், அவர்களுடைய வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "படி ஏற முடியுமாம்மா?"

"எங்கடையே மாடியிலதான் தாயி இருக்கு. ஒரு நாளைக்கு எத்தன வாட்டி ஏறி எறங்குறேன்னு எனக்கே தெரியாது."

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். "நடக்க முடியாதுன்னு போட்டிருக்கே?"

"எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. யாரோ தப்பாப் போட்டுருக்காங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கும்மா?"

"எனக்கு மூட்டுவலி இருக்கு" என்றேன்.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான கவலை. "எப்பருந்து சம்மந்தி? நேத்து சாயங்காலம் கோயில்ல மூணு சுத்து சுத்துனீங்களே?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கணினிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பளிங்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது. வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வெட்கம் இரண்டு மடங்காகிவிட்டது. நிற்கும்போது கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தேன். உட்கார்ந்த பிறகு எல்லாருக்கும் தெரிகிறேன்.

சம்பந்தி கடைசிவரை உட்காரவில்லை. அவருக்கென்று வந்த நாற்காலியில் அவருடைய கைப்பையை வைத்து ஒருவர் தள்ளிக்கொண்டு வர, அவர் அதற்குப் பக்கத்தில் நடந்து வந்தார். பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி, "கைப்பைக்கா வீல்சேர்?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் சம்பந்தி.

துபாயில் விமானக் கதவுக்கு வெளியே நாற்காலிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒரு பெரியம்மா, மணமேல்குடிப் பக்கத்தைச் சேர்ந்த முஸ்லிம், சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டிருந்தார். மகன் அங்கே கடையில் வேலை பார்க்கிறாராம், பேரன் பிறந்திருக்கிறானாம். நாற்காலிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. விமானத்தில் எங்கள் வரிசைக்கு எதிரில் உட்கார்ந்து வந்தவர், இறங்குவதற்குள் முழங்காலை எத்தனையோ தடவை நீவிக்கொண்டார்.

"அவங்களுக்கு இதக் குடுங்க" என்றார் சம்பந்தி, தன் நாற்காலியைக் காட்டி.

அதைப் பிடித்திருந்தவர் நடுவயது மலையாளி. தமிழ் பேசினார். "அம்மா, இது நிங்களோட பேருக்கு வந்தது. அவங்க வெளிய போறவங்க. நிங்க வேற ப்ளைட் பிடிக்கணும். வழி வேற வேற."

"நடக்க முடியாதவங்களுக்குத்தானே இது வச்சிருக்கீங்க?"

"அது சரிதான், ஆனா..."

"எனக்கு நடக்க முடியும். அவங்களுக்கு முடியல. இதுல ஆனா என்னங்க இருக்கு?"

"சம்மந்தி, நம்ம வேலையப் பாப்போம். ப்ளைட் போயிரும்" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. "நீங்க முன்னாடி போங்க சம்மந்தி. நான் இவங்கள விட்டுட்டு வந்துர்றேன்" என்றார். அந்தப் பெரியம்மாவைத் தூக்காத குறையாக நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேருடைய பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, மலையாளிக்குப் பின்னாலேயே நடந்து போய்விட்டார்.

என்னை ஒரு பெண் தள்ளிக்கொண்டு போய், நாற்காலிக்காரர்கள் காத்திருக்கும் ஓர் இடத்தில் நிறுத்தினாள். கண்ணாடித் தடுப்புக்குள் பத்துப் பதினைந்து பேர். மூக்கில் குழாயோடு ஒரு தாத்தா. ஒரு கால் இல்லாத ஒரு பெண். இடுப்பில் கட்டோடு ஒருவர். நடுவில், நேற்று மூன்று சுற்று சுற்றிய நான். பக்கத்திலிருந்த ஒரு வடநாட்டு அம்மா என் முழங்காலைக் காட்டி ஏதோ கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் உச்சுக்கொட்டி, தன் பையிலிருந்து ஒரு வலித்தைலப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி வரவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பலகைகளைப் படிக்கத் தெரியாது. எழுந்து போய்த் தேட வேண்டும். ஆனால் நான் நடக்க முடியாதவள். தண்ணீர்த் தாகம், எதிரிலேயே குழாய் இருக்கிறது. எழுந்திருக்க முடியாது. சொன்ன பொய் என்னை அந்த நாற்காலியில் கட்டிப் போட்டிருந்தது.

எங்கள் விமானத்துக்கு அழைக்கத் தொடங்கியபோது தூரத்தில் அவரைப் பார்த்தேன். தனியாக வந்தார். யார் யாரிடமோ டிக்கெட்டைக் காட்டிக் காட்டி வந்திருக்கிறார். இறங்கி வரும் நகரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. படி முடியும் இடத்தில் காலை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. வலது கால் மாட்டி, உடம்பு ஒரு பக்கம் போக, முழங்கால் மறுபக்கம் திரும்பியது. கீழே விழவில்லை. ஆனால் அந்த முகம் ஒரு கணம் வெளுத்ததை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன். அந்த முழங்கால் அதற்குப் பிறகு பழையபடி ஆகவே இல்லை. ஊர் திரும்பியதும் கடையை மாடியிலிருந்து கீழே மாற்ற வேண்டியிருந்தது.

நான் எழுந்தேன். எழுந்தது மட்டுமல்ல, ஓடினேன். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தைலம் கொடுத்த அம்மா வாயைத் திறந்தபடி பார்த்தார். என்னைத் தள்ளி வந்த பெண் எதுவும் சொல்லாமல் என் காலை மட்டும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து என் நாற்காலியைக் காட்டினேன். "இதுல உக்காருங்க, மொதல்ல."

"சும்மா சுளுக்கு. அது ஒங்க பேரு போட்டது சம்மந்தி" என்றார். கடைசியில் இரண்டு பேரும் நடந்தே போனோம். அந்தப் பெண் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

இரண்டாவது விமானம் மேற்கே போகப் போக வெயில் கூடவே வந்தது. எத்தனை நேரம் பறந்தும் பொழுது சாயவில்லை. சாப்பாடு வந்தது, அவர் தொடவில்லை. முழங்கால்மேல் கையை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது." சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு வெக்கமா இருக்கு சம்மந்தி" என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. "எதுக்கு?"

"எம் மகளப் பாக்க. மொத எடம் நின்னு போச்சுல்ல, அன்னைக்கு அவ அடுப்படியில ஒக்காந்து அழுதா. 'ஏம்மா சொன்ன'ன்னு கேட்டா. நான் பொய்யா சொன்னேன்னு கேட்டுட்டு மிஷினுல போயி ஒக்காந்துட்டேன். அன்னைக்குத் தைக்க வேண்டியது ஒண்ணுமே இல்ல. சும்மா துண்டுத் துணிய வச்சு ஓட்டிக்கிட்டே இருந்தேன். அவ அழுகுறது காதுல விழக்கூடாதுன்னு." முழங்காலை நீவினார். "நெஞ்சுவலின்னு எங்கண்ணன் சொன்னது யார ஏமாத்த? எம் புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கணும்னுதானே? அது எனக்குத் தோணல பாருங்க. ஒங்க மகன் கெடச்சது அவ நல்ல நேரம், அது வேற. ஆனா அவ அழுதப்ப பக்கத்துல போயி ஒக்காந்திருக்கலாம்ல? அதுக்குப் பொய்யி ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையே."

அந்தப் பெண்ணின் சிவந்த காதுமடலை நான் அன்றே பார்த்தேன். அதைப் பற்றி இவரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "எல்லாம் சரியாயிரும்" என்றேன். அது சரியான பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

லண்டனில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் எழுந்தார். எழுந்தவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சேலையை லேசாகத் தூக்கிக் காட்டினார். முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"கால ஊன முடியல சம்மந்தி."

வாசலில் இரண்டு நாற்காலிகள் நின்றன. அவர் பெயர் எழுதியதில் உட்கார்ந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப ஒக்காரலாம். இப்பப் பொய்யில்ல" என்றார். எனக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் பின்னால் நடந்தேன்.

வெளியே என் மகனும் மருமகளும் நின்றார்கள். அவளுக்கு நிறைமாதம், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவை நாற்காலியில் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கண் கலங்கிவிட்டது.

"அத்தை, நான் இவர்கிட்ட பந்தயமே கட்டுனேன். எங்கம்மா செத்தாலும் அதுல ஒக்காராது, சண்டை போட்டு நடந்துதான் வரும்னு." அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "எனக்காகவாம்மா ஒக்காந்த? நான் சொன்னேன்னா?"

நான் வாயைத் திறந்தேன். நாற்காலிக்குப் பின்னால் வந்த அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது.

"ஆமாடி" என்றார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் செருப்பைப் பார்த்துச் சொன்னார். "நீ சொன்னியே. அதான் நடக்க முடியாதுன்னுட்டு ஒக்காந்துட்டேன்."

அவ்வளவு மோசமாகப் பொய் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. காது சிவந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பிடித்திருப்பார்கள். அவள் பிடிக்கவில்லை. பிடிக்க நினைக்கவில்லை. குனிய முடியாத வயிற்றோடு குனிந்து அம்மாவின் கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டாள். பெண் பார்க்கப் போன நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, நடிச்சது. எந்திரி. இங்க யாரும் பாக்கல" என்றாள்.

சம்பந்தி எழுந்தார்.

நான் தோளைக் கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு, ரொம்ப நாள் சிநேகிதிகள் மாதிரி தோளில் கை போட்டு நடந்தோம். கார் நின்ற இடம் தூரம். ஒவ்வோர் அடிக்கும் அவர் உடம்பின் முழுப் பாரமும் என்மேல் இறங்கி ஏறியது. விரல்கள் என் தோள்பட்டையில் பதிந்தன. மகள் முன்னால் நடந்தபடி திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தாள், என்ன சமைத்திருக்கிறாள், எந்த அறை அம்மாவுக்கு, டாக்டர் என்ன சொன்னார் என்றெல்லாம். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசாத பேச்சையெல்லாம் பேசினாள். சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். என் மகன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "அட, ஒரே நாள்ல இவ்வளவு ஒட்டிக்கிட்டீங்களா?" என்று நிறுத்திப் போட்டோ எடுத்தான். நிறுத்தினானே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது, அவருக்கு ஒரு நிமிடமாவது கிடைத்ததே என்று.

காரின் பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேரும். கதவைச் சாத்தியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. கார் கொஞ்ச தூரம் போன பிறகு, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல், என் காதருகில் வந்து கேட்டார்:

"இம்புட்டுக் கஷ்டமா இருக்கே சம்மந்தி. நீங்கள்லாம் எப்பிடித்தான் சொல்றீங்க?"

குத்திக்காட்டவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மருமகள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "என்ன அத்தை, ரெண்டு பேருக்குள்ளயும் ரகசியம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

எனக்கு அது சுலபமாக வந்தது.